துண்டுக்கடியில் சொன்ன விலை

மலைக்காற்று படுகிற கல்லறையில் நிம்மதியாகத் தூங்குகிற என் ஞானத்துக்கு,

கல்லறைத் திருநாளுக்கு வந்து உன் மேல் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனேன். மெழுகுவர்த்தி ஒன்றுதான் கிடைத்தது. உலகச் சண்டை இன்னும் முடியவில்லை, போளூரில் மண்ணெண்ணெய்க்கே வரிசை நிற்கிறார்கள். அங்கே நின்று உன்னிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருந்தது. சுற்றிலும் ஊர்ச் சனம் தங்கள் தங்கள் கல்லறையில் அழுதுகொண்டிருந்தது. எனக்குப் பேச்சும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். யார் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

சங்கதி இதுதான். உன் அக்காவை மடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

காய்ச்சலில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்காவ யார் வாசல்லயும் வுட்றாதீங்க" என்றாய். விடமாட்டேன் என்றேன். தரகன் வாய்தான் என்றாலும் அன்றைக்குச் சொன்னது நிஜம். அப்புறம் நீ போய்விட்டாய். அந்த வாக்கு மட்டும் வீட்டில் இருந்தது.

அக்காவுக்குப் பாரிசவாயு வந்து வலப்பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போனபோது, இடது கை மட்டும் மிச்சம் என்று வைத்தியர் கை விரித்தார். அந்த ஒரு கையை வைத்து அக்காவைப் பேச வைத்தவள் நீ. சந்தையில் நாங்கள் மாட்டுக்கு விலை வாயால் பேசமாட்டோம். இரண்டு பேர் கையைக் கொடுத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. வாய் "கட்டாதுப்பா, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கை வியாபாரத்தை முடித்துவிடும். உங்கள் அப்பாவும் தரகர். சின்ன வயதில் நீங்கள் இருவரும் அம்மாவின் முந்தானைக்கடியில் கைகோத்து, சந்தை விளையாட்டு விளையாடியவர்கள். அதைத்தான் நீ அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தாய். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. இன்னும் எத்தனை கவளம் வேண்டும், அதுவும் விரல்தான்.

நீ போன பிறகு நான் சந்தைக்குப் போகிற நாட்களில் பக்கத்து வீட்டு லூர்து உச்சிவேளைக்கு வந்து கஞ்சி ஊற்றி, துணி மாற்றிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் நான்தான். நான் துணி மாற்றும்போது அக்கா கண்ணை இறுக மூடிக்கொள்ளும். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே மாற்றுவேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று லூர்துவின் புருஷனுக்குக் கோலார் சுரங்கத்தில் வேலை கிடைத்து, அவளும் மூட்டை கட்டிவிட்டாள்.

கோயில் உபதேசியார்தான் மடத்தைப் பற்றிச் சொன்னார். அமிர்தி காட்டு ஓரம், மலை ஏறுகிற இடத்தில் கன்னியர்கள் நடத்துகிற இடம். எழுந்து நடமாட முடியாதவர்கள், புத்தி தடுமாறியவர்கள், யாரும் இல்லாதவர்கள், எல்லாரையும் வைத்துப் பார்க்கிறார்கள். போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு.

"தர்மத்துக்கு நடத்துறாங்க சவரிமுத்து. தானமாக் குடுக்கிற மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கலாமா?"

"வாங்கறதுன்னா பாக்கக் கூடாதுங்க. நான் வுடப் போறேன்" என்றேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் நாள். வெள்ளை விரிப்பு, தலை வாரிப் பொட்டலம் மாதிரி உட்கார வைத்த கிழவர்கள், பினாயில் வாசனை. எனக்குச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது. கொம்புக்கு வர்ணம் அடித்து, உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை உப்ப வைத்து நிறுத்துகிற நாளில் எந்த மாடும் நல்ல மாடுதான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து ஒரு மழை நாளில், சொல்லாமல் போனேன். வாசலுக்குப் போகாமல் புறக்கடைப் பக்கமாக நுழைந்தேன். துணி துவைக்கிற கல்லில் சவுக்கார நுரை இருந்தது, தாழ்வாரக் கொடி நிறைய அலசிப் பிழிந்த துணி. கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்தேன். பருக்கை கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் பெரிய மதர் பார்த்துவிட்டார். தெற்கத்திக்காரர், வயதானவர், குடையும் கையுமாக நின்றார்.

"யாரப்பா நீ? பானைக்குள்ள என்ன தேடுத?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். எதற்கும் கோபப்படாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் பக்கம் நான் நிலைப்படியோடு நின்றுகொண்டு, குதிகாலை மட்டும் காட்டச் சொன்னேன். படுத்தே கிடக்கிறவர்களுக்குப் புண் முதலில் குதிகாலிலும் இடுப்பிலும்தான் வைக்கும், மாட்டுக்கும் அப்படித்தான்.

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க மதர். மாட்டுத் தரகன்."

அவர் சிரித்துவிட்டுப் போர்வையை விலக்கினார். ஒரு கட்டில், அடுத்த கட்டில், அதற்கடுத்தது. புண் இல்லை. ஒரு பாட்டிக்கு இருந்தது, அதில் மருந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். உதடு யாருக்கும் காய்ந்திருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பு கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. நீ பார்த்திருந்தால் நகத்தையும் பார்த்திருப்பாய். நான் அதை மறந்துவிட்டேன்.

ஆண்கள் பக்கத்தில்தான் முனுசாமித் தரகரைக் கண்டேன். போளூர்ச் சந்தையில் உங்கள் அப்பாவோடு மல்லுக்கு நின்ற அதே முனுசாமி. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, இடுப்பும் போய்க் கட்டிலோடு கிடக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் என் குரலை அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"சவரிமுத்தா? இன்னாப்பா, என்னிய வெல பேச வந்தியா?"

"எங்க மச்சினியார வுடலாம்னு பாக்கறேங்க. எடம் எப்டி கீது?"

மதர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கிழவர் வாய் நிறையச் சொன்னார். "பதினாறணாவும் சுத்தம் தம்பி. அம்மாங்க தெய்வம். இன்னா கொற இங்க?"

மதர் முன்னால் வேறு எப்படிச் சொல்வார்? சோறு போடுகிற கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் குறை சொல்வார்கள்? என் தோள் துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டு, உள்ளே கையைக் கொடுத்தேன். கிழவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை வருஷம் ஆகியிருக்கும் அந்தக் கைக்கு. முழுக் கையைப் பிடித்தார். மறுபடியும் முழுக் கை. அப்புறம் இரண்டு விரல். விட்டுவிட்டார்.

பன்னிரண்டு அணா, ரூபாய்க்கு நாலணா குறை. வாய் இன்னும் "தெய்வம், தெய்வம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மதர் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியபோது, "போவசொல்ல கதவப் பாத்துட்டுப் போ" என்றார் கிழவர்.

பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது, பெண்கள் பக்கக் கதவிலும் அப்படியே. மேலே பார்த்தேன், புல் கூரை. உள்ளே ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு, நடுவில் ஒரு கட்டையின் மேல். மாட்டுக் கொட்டகையைக்கூட நான் இப்படிக் கட்டவிடமாட்டேன்.

மதரிடமே கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"புத்தி தப்பின ஒருத்தர் எழுந்து காட்டுக்குள்ள போயிட்டாரு. கரடி அடிச்சிருந்தது. நான்தான் போயி அடையாளம் சொன்னேன். அதுக்கப்புறம்தான் வெளியே தாழ்ப்பாள். எனக்கு மட்டும் அது பிடிச்சா இருக்கு?"

"நெருப்புப் புடிச்சா மதர்? ராத்திரி பாத்துக்கற ஆயா எங்க படுக்கறாங்க?"

"வெளித் தாழ்வாரத்துல."

"எங்கக்காவால கத்தக்கூட முடியாதுங்க."

அவர் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தார். திறந்து வைத்தால் காடு, பூட்டி வைத்தால் நெருப்பு. எது சரி ஞானம்? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கடைசியில் மதரே சொன்னார், தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்றி, தடுமாறுகிறவர்கள் கை எட்டாத உயரத்தில் வைப்பதாகவும் ஆயாவை உள்ளே படுக்க வைப்பதாகவும். வாய்ப் பேச்சுக்கு எவ்வளவு விலை என்று எனக்குத் தெரியாதா? இன்னொரு நாள் மறுபடியும் சொல்லாமல் போனேன். கதவின் வெளியே பழைய ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. உள்ளே உயரத்தில் புதுத் தாழ்ப்பாள், கதவோரமாக ஆயாவின் பாய். விளக்கைச் சுவர் மாடத்துக்கு மாற்றியிருந்தார்கள். முனுசாமி துண்டைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பதினான்கு சொன்னார். மீதி இரண்டு எங்கே என்றேன். "கஞ்சில உப்பு பத்தல" என்றார், வாயாலேயே, மதர் காதில் விழுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்தேன். இப்போது சொல்லப் போவதுதான் உனக்கு நான் சொல்ல வந்தது.

அக்காவை விட எனக்கு மனம் இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அக்காவும் போய்விட்டால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். அதனால் ஒரு தரகு வேலை செய்தேன். பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னேன், புண், தாழ்ப்பாள், உப்பு, எல்லாம். முனுசாமி பதினான்கு சொன்னதையும் சொன்னேன். அப்புறம் துண்டைப் போட்டுக் கையைக் கொடுத்து, "நம்ம வூடு எத்தினிக்கா?" என்றேன். பதினாறு என்று சொல்லும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால், அக்காவுக்கே இஷ்டமில்லை என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம்.

அக்கா வெகுநேரம் என் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் முழுக் கையைப் பிடித்தது. அப்புறம் மூன்று விரல். நான் அடுத்த பிடிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கை விட்டுவிட்டது.

எட்டு.

தவறாகப் பிடித்துவிட்டதோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் எட்டு. அக்கா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லூர்து போன பிறகு உச்சியிலிருந்து நான் வருகிற வரைக்கும் ஈரத்தில் கிடந்ததை எண்ணித்தான் சொல்லியிருக்கும். ஈ முகத்தில் உட்கார்ந்தால் ஓட்ட ஒரு கைதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மாற்றியதற்கு எவ்வளவு கழித்ததோ. ஊரில் இருக்கிற மாட்டுக்கெல்லாம் பல் பிடித்துப் பார்த்தவன், என் வீட்டை மட்டும் நான் பார்க்கவே இல்லை. உன் காலத்தில் எத்தனை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மறுநாள் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு அழைத்துப்போனேன். மலை தெரிந்ததும் அக்கா இடது கையால் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. நீ ஆசையாக வளர்த்த செவலைக் காளையின் கழுத்து மணியைக் கட்டிலில், அக்காவின் கை எட்டுகிற இடத்தில் கட்டிவிட்டு வந்தேன். கத்த முடியாவிட்டாலும் ஆட்டலாம் இல்லையா? ஆயா எழுகிறாளா என்று அன்றைக்கே இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். ஆயா திட்டினாள். திட்டினாலும் வந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் யாரும் இல்லை. அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. மாடுகள் பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. உள்ளே போய் அக்கா படுத்திருந்த பாயைச் சுருட்டினேன். அடியில் தரை ஈரமாக இருந்தது.

இப்போது வாரா வாரம் போகிறேன், எந்தக் கிழமை என்று யாருக்கும் சொல்வதில்லை. போன தடவை அக்கா மடத்துக்குப் பதினொன்று சொன்னது. முனுசாமியிடம் சொன்னால், "புதுசா வந்தவங்க கொறச்சித்தான் சொல்வாங்க, வுடு" என்கிறார். அக்காவின் தலையில் எண்ணெய் இருக்கிறது. நகத்தையும் பார்த்தேன், வெட்டியிருக்கிறார்கள்.

ஞானம், கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். தூரத்துச் சந்தைகளை விட்டுவிடுகிறேன். வீட்டோடு தங்கி அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கணியம்பாடிப் பக்கம் ஒருத்தி வருகிறேன் என்றிருக்கிறாள். கிறிஸ்துமசுக்கு அக்காவை அழைத்துவந்து கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, துண்டைப் போட்டு மறுபடி கேட்பேன். மாட்டுக்கு விலை ஏற்றுகிற வித்தை எல்லாம் எனக்குத் தெரியும், அதில் ஒன்றுகூட வீட்டுக்கு ஆகாது. மடத்தைவிட ஒரே ஒரு அணா கூடச் சொன்னாலும் வண்டியை மறுபடி மலைப் பக்கம் திருப்ப மாட்டேன். குறைத்துச் சொன்னால் நானே கொண்டுபோய் விட்டுவிட்டு, இருக்கிற வரைக்கும் போய்ப் போய்க் கையை நீட்டுவேன். முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் இதை வாயால் சொல்லவில்லை, கையால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா எட்டணா மதித்த வீட்டில் இருக்கிற,
உன் வீட்டுக்காரன் சவரிமுத்து