பனியில் ஸ்ராட் வராத கார்

டிசெம்பர் 27, சனி

பனி. வாடைக்காற்று வேறு. கார் ஸ்ராட் வரவில்லை.

கார்த் திறப்பைப் போட்டுத் திருப்பினேன். மஞ்சள் சுருள் லைற் பற்றியது. அது அணையும்வரை பொறுக்கவேண்டும், டீசல் எஞ்சினுக்கு உள்ளே சூடேறினால்தான் பற்றும். பொறுத்தேன். அணைந்தது. திருப்பினேன். ஒரு உறுமல், ஒரு இருமல், வெள்ளைப் புகை. அவ்வளவுதான். திரும்பவும். திரும்பவும். கடைசியில் பற்றறியும் களைத்து ‘டிக்’ என்றது. வாயில் வந்தபடி ஏசினேன். சாமி அறைக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

பின் சீற்றில் என் மனுசி புவனா. தலையணை, கம்பளிச் சால்வை. இரத்தம் கழுவுகிற நாள். செவ்வாய், வியாழன், சனி. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு எங்கள் வீட்டில் வேறு கிழமை இல்லை. காலையிலேயே பெரியாஸ்பத்திரியில் மிசினுக்குப் போய்விடவேண்டும், பிந்தினால் முறை அடுத்தவருக்கு. ஓட்டோ சரிவராது. முந்தி ஒருநாள் பலாலி றோட்டுப் பள்ளங்களில் குலுங்கி மயங்கிப்போனவள். வாடகை வான்காரர் எல்லாரும் வெளிநாட்டுச் சனத்தை ஏற்றி இறக்க ஓடித்திரிகிறார்கள். மனுசி படுத்தபடி போக இந்தக் கிழட்டுக் கார்தான்.

வெயில் ஏறினது. முதல் திருப்பலிலேயே ஸ்ராட். சனியன்!

பிந்தித்தான் போனோம். நேர்ஸ் பிள்ளை பாவம், எப்படியோ கொஞ்ச நேரம் ஒதுக்கித் தந்தது. அரைகுறைக் கழுவல். பு. வழி முழுக்க ஒரு வார்த்தை கதைக்கவில்லை. என்னில் கோபம் என்று நினைக்கிறேன்.

டிசெம்பர் 28, ஞாயிறு

மெக்கானிக் ரஞ்சன் வந்து போனெற்றைத் திறந்து பார்த்தான்.

“அண்ணை, ஹீற்றர் பிளக் எல்லாம் செத்துப்போச்சு. ஒண்டுதான் உயிரோடை கிடக்கு. சூடு காணாது. அதுதான் பனிக்கு எடுக்குதில்லை.”

“மாத்திவிடன்.”

“பழைய மொடல். சாமான் கொழும்பிலையிருந்து பஸ்ஸிலை வரவேணும். வருசப் பிறப்பும் வருது…”

இழுத்தான். இழுக்கிற இழுவையிலேயே விளங்கிவிட்டது.

மத்தியானம் மகன் கோபி ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தான். பின்னால் யன்னல் முழுக்க வெள்ளை. கார்க் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

“அப்பா, உதெல்லாம் ஒரு குளிரே? இஞ்சை மூக்கு உறையுது, கார் ஓடுது!”

“உங்கடை கார் ஓடும் தம்பி.”

“உதை வித்துப்போட்டு வேறை ஒண்டு பாருங்கோவன்.”

பெரிய கண்டுபிடிப்பு. அம்மாவைக் காட்டச் சொன்னான். பு. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நித்திரை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பின்னேரம், றோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கை பிரிகிற முகப்பில் இருக்கிற பிள்ளையாரிடம் போனேன். நேர்த்தி வைத்தேன். கார் ஒழுங்காக ஸ்ராட் வந்தால் நூற்றெட்டுத் தேங்காய். கடவுளோடு ஹீற்றர் பிளக் பற்றிக் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். எனக்கு வேறு ஆர் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கு:
பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள், சாக்குச் சுற்றி.
எஞ்சினுக்குப் பழைய போர்வை.
வென்னீர், பெரிய கேத்தில்.
தள்ள ஆள்??

டிசெம்பர் 30, செவ்வாய்

பற்றறி, போர்வை, வென்னீர் எல்லாம் செய்தேன். வரவில்லை. ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னால் பு. மூச்சு எடுக்கிற சத்தம். உடம்பு ஊதிப்போய், படுத்திருந்தாலும் மூச்சு இளைக்கிறது. சனி அரைகுறை, இன்றைக்கும் தவறினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த நேரம் திருவெம்பாவைக் கோஷ்டி. விடியமுன் ஊரை எழுப்பிக்கொண்டு சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிப் போகிற பெடியன்கள். படலையைத் திறந்து ஓடிப்போய் மறித்தேன்.

“தம்பியவை, ஒருக்காத் தள்ளிவிடுங்கோ. மனுசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.”

பாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பிழை என்னவென்றால், சங்குக்காரன் தள்ளாமல் முன்னால் நின்று ஊதினான், உசார் வருமாம். மற்றவன் சேமக்கலத்தை ணங் ணங் என்று அடிக்கிறான். எங்கள் படலையிலிருந்து சங்கும் சேமக்கலமும், பாட்டில்லாமல். செத்தவீட்டிலும் இதே இரண்டும்தானே!

பக்கத்து வீட்டு இராசமணி அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தா. நெஞ்சில் அடித்தபடி.

“ஐயோ என்ரை புவனா! எங்களை விட்டிட்டுப் போட்டியேடி!”

பின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறா. உள்ளே பு. தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“இன்னும் இல்லை அக்கா.”

அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. பெடியன்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, தள்ள ஏலாமல் காரில் சாய்ந்து நின்றார்கள். பிறகு மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். சந்தி வரைக்கும். இரண்டாம் கியரில் கிளச்சை விட, ஒரு உதறல் உதறி ஸ்ராட் வந்தது. கை தட்டினார்கள்.

பு.வும் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! எனக்கும் சிரிப்பு. பலாலி றோட்டில், திருநெல்வேலிச் சந்தையடியில் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

டிசெம்பர் 31, புதன்

தூறல். பு. நேற்று வந்து படுத்தவள், கஞ்சிக்கு மட்டும் எழும்பினாள். கையில் ஊசி ஏற்றின இடம் கறுத்துத் தடித்திருக்கிறது.

நம்பவே இல்லை, சாமான் வந்துவிட்டது. ரஞ்சன் பின்னேரம் வந்து பூட்டினான். ஒரு திருப்பல். உடனே ஸ்ராட். நிறுத்தி, ஆறவிட்டு, திரும்பவும் திருப்பினான். ஸ்ராட்! நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

“இஞ்சேரும், கார் சரி! பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான், கைவிடேல்லை.”

“எந்தப் பிள்ளையாருக்கு?”

“எங்கடை ஒழுங்கைப் பிள்ளையாருக்குத்தான்.”

பு. முகட்டைப் பார்த்தாள்.

“நானும் அவருக்குத்தான் வைச்சனான். மோதகம் அவிச்சுத் தாறன் எண்டு.”

“கார் ஸ்ராட் வரவோ?”

“வரக்கூடாதெண்டு.”

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

“நீங்கள் திறப்பைத் திருப்பத் திருப்ப நான் பின்னாலை படுத்துக்கொண்டு வராதை, வராதை எண்டு கும்பிட்டனான். எனக்கு ஏலாதப்பா. ஊசி குத்தக் கையிலை இடமில்லை. ஒருநாள் செத்துக் கிடந்து எழும்ப அடுத்தநாள் வந்திடுது. நானாச் சொன்னால் நீங்கள் உடைஞ்சு போவியள். கார் வராட்டி ஒருத்தரிலையும் பிழையில்லை.”

“உமக்கு விசரே?” என்று கத்தினேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை. வெளியில் ரஞ்சனுக்குக் கேட்டிருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

ஒரே பிள்ளையாரிடம் இரண்டு பேரும் போயிருக்கிறோம். அவரும் என்ன செய்வார்? நான் தேங்காயோடு, அவள் மோதகத்தோடு. அன்றைக்குக் கோபத்தில் பேசாமல் வந்தாள் என்று நினைத்தேனே, மடையன். முழுக் கிழமையும் காரோடு சண்டை பிடித்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனவரி 1, வியாழன்

கடும் பனி. முன்வீட்டு மதில் தெரியவில்லை. எங்கோ வெடிச் சத்தம், வருசம் பிறந்ததாம்.

கார் முதல் திருப்பலில் வந்தது. ஓடவிட்டுவிட்டு உள்ளே போனேன். பு. கட்டில் விளிம்பில் இருந்தாள். சீலை மாற்றவில்லை.

“வெளிக்கிடும். கார் நிக்குது.”

“காரை நிப்பாட்டுங்கோ. டீசல் வீண்.”

“இண்டைக்கு மட்டும் வாரும். எனக்காக.”

“உங்களுக்காகத்தான் இவ்வளவு நாளும் வந்தனான்.”

கோபியைக் கூப்பிடுவேன் என்றேன். டொக்டர் ஏசுவார் என்றேன். தூக்கிக்கொண்டு போய் ஏற்றுவேன் என்றும் சொன்னேன். காலில் விழாத குறை. அவள் ஒன்றுக்கும் கோபிக்கவில்லை.

“வந்து இதிலை இருங்கோ” என்றாள். “ஒருக்கால் ஓடாமல் இருங்கோ.”

வெளியில் போனேன். எஞ்சின் அப்படி ஒரு ஒழுங்காக ஓடுகிறது. போனெற் இளஞ்சூடு, அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நல்லாய் அழுதேன், ஆரும் பார்க்கவில்லை. பிறகு நிப்பாட்டினேன்.

உள்ளே வந்து பக்கத்தில் இருந்தேன். கை குளிர்ந்திருந்தது. சால்வையை இழுத்து மூடிவிட்டேன்.

“தேத்தண்ணி போடட்டே?”

“ஓம்” என்றாள். “நிறையத் தாங்கோ.”

தண்ணீர் அளந்து குடிக்கவேண்டிய உடம்பு. கூடினால் நெஞ்சுக்குள் நிற்கும். இவ்வளவு காலமும் அளந்து ஊற்றுகிறவன் நான்தான், அரை மிடறு கூடக் கேட்டாலும் கண்டிப்பாக இல்லை என்று சொல்லுகிறவன்.

கோப்பை நிறைய ஊற்றினேன்.