எட்டாம் நாள்

ராசிபுரம்,
12 மே 1938

அன்பு மகளே,

உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ எழுதிய ஒரு வரி இங்கே ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டது. அம்மைப்பால் குத்திய எட்டாம் நாள் கொப்புளம் இல்லையென்றால் உடம்பு நோயை எதிர்க்கப் பழகவில்லை, மறுபடி குத்த வேண்டும் என்றாயே. கண்ணாடி போட்டுக்கொண்டு நெசவுத் தெருவில் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். அத்தாயி மகளின் கை மட்டும் வழவழவென்று இருந்தது.

"மாரியாத்தா கோவிச்சுக்குவாளோன்னு அப்பவே வேப்பந்தண்ணியில கழுவிப்போட்டனுங்கம்மா" என்றாள் அத்தாயி.

நான் திட்டவில்லை. மறுபடி குத்தவைத்தேன். அடுத்த மாதமே தெருவில் அம்மை வந்தது, அந்தக் குழந்தையைத் தொடவில்லை.

கான்வென்டில் படித்த நானும் உன் தம்பியின் கையை அப்படித்தான் கழுவினேன். கதவருகில் நின்று பார்த்தாய். அம்மையில் அவன் போன பிறகும் நீ யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

அதற்கும் சேர்த்து நன்றி.

உன் அம்மா