யார் அழுத்திய பொத்தான்?

ஃப்ளோரோ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுன்னிவா,

இங்கே நானும் நம் மகள் தீரிலும் நலம். நீயும் உன் கப்பலின் எஞ்சின் அறையும் நலம் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதைப் போய்க் கடிதமாக எழுதுகிறானே என்று சிரிக்காதே. நான் போனை எடுத்தாலே தீரில் என் மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்குப் பேச்சுதான் வரவில்லை, காது பாம்புக் காது. அவள் காதுபட அவளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் அந்தத் தொடுதிரை டேப்தான். படத்தைத் தொட்டால் அவளுக்குப் பதிலாகப் பேசும் என்று நகராட்சியில் கொடுத்தார்களே, அதை நான் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. மழலையர் பள்ளியில் அவளுக்குத் துணையாக இருக்கும் யோருன், 'இன்னிக்கு உங்க பொண்ணு வாய் ஓயவே இல்லை' என்று தினமும் சொல்கிறாள். என்ன பேசினாள் என்று கேட்டால், 'சாப்பாட்டுக்கு நன்றி' என்றாளாம். மணலில் விளையாடும்போது சாப்பாட்டுக்கு நன்றி. மழைக்கால்சட்டை மாட்டும்போது சாப்பாட்டுக்கு நன்றி. நான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு மரியாதையா? யோருன்தான் கையைப் பிடித்து அழுத்துகிறாள் என்று முடிவு கட்டி, முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். 'ஐவிண்ட், நான் சுண்டு விரலைக்கூட வைக்கலே. வேணும்னா நீங்களே வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க' என்று முகம் சிவந்தாள். போய் உட்கார்ந்தேன். அன்று பார்த்து தீரில் எதையும் தொடவில்லை. என் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

போன மாதம் நீ வீடியோ அழைப்பில் அவளுக்காகப் பாடிக்கொண்டிருந்தபோதும் அந்த நன்றியையே அழுத்தினாள். நீ சிரித்தபடி, 'சரி, எனக்கும் வேலை இருக்கு' என்று வைத்துவிட்டாய். மறுவாரமே இன்னொரு சுற்று கப்பலில் தங்குவதாகச் செய்தி அனுப்பினாய். அதிலிருந்து அந்த டேப்பைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. வெள்ளிக்கிழமை நகராட்சிக்காரர்கள் வருகிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவது என்றே இருந்தேன்.

நேற்று மாலை அவளுக்குத் தலை சீவிவிட்டேன். ஒரே சிக்கு. டேப்பை இழுத்துத் தானே அழுத்தினாள்: சாப்பாட்டுக்கு நன்றி. வீட்டில் வேறு யாரும் இல்லை. 'இப்ப யாருடி உனக்கு சாப்பாடு போட்டா' என்று எரிச்சலோடு சீப்பைக் கீழே வைத்தேன். உடனே நாற்காலியிலிருந்து இறங்கிச் சமர்த்தாக நடந்து போய்விட்டாள். சாப்பாட்டு மேசையிலிருந்து போவாளே, அதே மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நன்றியைச் சொன்னால்தான் நம் வீட்டில் மேசையை விட்டு எழுந்திருக்க விடுவோம். எந்தெந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் நாம்தான். நன்றி வைத்தோம், தயவுசெய்து வைத்தோம். 'வேண்டாம்' வைக்கவில்லை. 'அதை வச்சா எதுக்கெடுத்தாலும் அதையே அமுக்குவா' என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன். என்னை விடுங்கள் என்று சொல்ல, பாவம், அவளுக்கு அது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்று வாஃபிள் சுட்டு எடுத்துப் போய் யோருனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

'வேண்டாம்' பொத்தானை நேற்றே சேர்த்துவிட்டேன். நீ சொன்னதும் சரிதான். மீன் உருண்டை வேண்டாம், குளியல் வேண்டாம், இரண்டு முறை நானே வேண்டாம்.

இன்று காலை, ஞாயிற்றுக்கிழமை அம்மா திரையில் வருவாள் என்றேன். வேண்டாம் என்றாள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உன் படத்தைத் தொட்டாள். டேப் 'அம்மா' என்றது. பிறகு அலமாரியிலிருந்து உன் கம்பளிச் செருப்புகளை எடுத்துவந்து, வாசல் மிதியடிமேல் ஜோடியாக வைத்தாள்.

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை, உனக்கே தெரியும். இதை நம்புகிறேன். இந்தச் சுற்றோடு வந்துவிடு, அடுத்ததற்குச் சம்மதம் சொல்லிவிடாதே, சுன்னிவா. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் செருப்பு தடுக்கி விழப் பார்க்கிறேன். எடுத்து வைக்கப் போனால், வேண்டாம் என்கிறாள்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன்
ஐவிண்ட்