வீட்டுக்கு வந்த குழாய்

1972 பிப்ரவரி 8

குழாய் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிட்டது. கமலம் புளி போட்டுத் தேய்க்கிறாள். சோப்பு நுரைப்பதில்லை, வேட்டி பழுப்பேறுகிறது, தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று சொல்லிக்கொண்டே தேய்க்கிறாள். சோப்பை மாற்று என்றேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்குள் குழாய் இழுத்தவன் நான் ஒருவன்தான். என் பெண்டாட்டி இனிமேல் குடம் தூக்கிக்கொண்டு ரயில் லைனைத் தாண்ட மாட்டாள் என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னவன். இப்போது தண்ணீர் உப்பு என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 15

பருப்பு வேகவில்லை.

பிப்ரவரி 16

இன்றும் வேகவில்லை. "தண்ணிதாங்க காரணம். லைனுக்கு அந்தாண்ட தோட்டத்துக் கெணத்துல ரெண்டு கொடம் எடுத்தாந்தா பூவா மலந்துடும்" என்றாள். கூடாது என்றேன். குழாய் போட்ட வீட்டுக்காரி குடத்தோடு போனால் எதிர்வீட்டுக் காசியம்மாள் வாசலில் நின்று சிரிப்பாள். பருப்பு பழசாக இருக்கும், கடையை மாற்று என்றேன். முதலில் சோப்பு, இப்போது பருப்பு. நாளைக்கு எதன்மேல் பழி போடுவேன், அடுப்பின் மேலா?

பிப்ரவரி 23

சிராமிக் கம்பெனியில் தகராறு. களிமண் கூழ் திரிந்துபோகிறது, அச்சில் ஊற்றிய கிண்ணங்கள் காயும்போதே விரிசல் விடுகின்றன. ஸ்டோர் சூப்பர்வைசர் என்று மேனேஜர் தேவநாதன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "குழாய்த் தண்ணிதாங்க சார். அந்த உப்பு, மண்ணுக்கு ஆவாது" என்றேன். நாளையிலிருந்து கொளஞ்சியப்பன் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவான். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 7

கம்பெனியில் கேன்டீன் திறக்கப்போகிறார்கள். சமையலைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வேண்டுமாம். கமலத்தின் பேரை நானே சொன்னேன். பெண்ணாடத்தில் அவள் பிறந்தவீட்டுப் பக்கம் எந்த விசேஷமானாலும் அவள் உப்புப் பார்க்காமல் இலை போடமாட்டார்கள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன், பாத்துடலாம்" என்றார் மேனேஜர்.

வந்து சொன்னதும் கமலம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவா? நெசமாவாங்க?" கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, "அன்னிக்கு ஒரு நாளாவது கெணத்துத் தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

தெருவே பார்க்கும். வேண்டாம் என்றேன்.

மார்ச் 12

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தேவநாதன் வந்தார். வாழைக்காய் வறுவலை இரண்டு முறை கேட்டு வாங்கினார். பிறகு சாம்பார். பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். ஒரு வாய் கடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்யா, வூட்டுல கெணத்துத் தண்ணிதானே?" என்று கேட்டார்.

மண்ணுக்கே ஆகாது என்று நான் சொன்ன தண்ணீரில் அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். அதை எப்படிச் சொல்வேன்? "கெணத்துத் தண்ணிதாங்க சார். அவளுக்குத்தான் இன்னும் கைப்பக்குவம் வரல" என்றேன்.

கமலம் சோற்றுப் பாத்திரத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கேன்டீன் பேச்சையே எடுக்காமல் போய்விட்டார். சீ, நானெல்லாம் ஒரு மனுசனா? நாக்கு அழுகிப்போயிருக்கக் கூடாதா?

மார்ச் 13

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மார்ச் 27

கேன்டீனுக்குச் சொர்ணாம்பாள் என்ற அம்மாவை வைத்துவிட்டார்கள். வீட்டில் சொன்னேன். "சரி" என்றாள்.

ஏப்ரல் 11

கொளஞ்சியப்பன் வண்டியை எங்கள் தெரு வழியாக ஓட்டி வந்தான். வாசலில் கமலத்தைப் பார்த்ததும் நிறுத்தி நன்றி சொல்லியிருக்கிறான். "சாரு புண்ணியத்துலதாம்மா எம் பொழப்பு ஓடுது. கொழாய்த் தண்ணி மண்ணுக்கு ஆவாதுன்னு சாருதான் மேனேஜர்கிட்ட சொன்னாரு."

நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். "மண்ணுக்கு ஆவாதாங்க?" என்று மட்டும் கேட்டாள். பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 12

விடிந்ததும் இடுப்பில் குடத்தோடு கிளம்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

மே 6

ஜங்ஷனில் வேலை பார்க்கும் தனிக்கட்டைகளுக்கு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். இதற்கும் என்னைக் கேட்கவில்லை.

பகலில் சாப்பிட உட்கார்ந்தேன். அடுப்பருகே இரண்டு பாத்திரம். ஒன்றில் பருப்பு வெண்ணெய்போல மசிந்து கிடந்தது. என் தட்டில் விழுந்தது இன்னொன்றிலிருந்து. கடித்தேன், கல். இதென்ன என்றேன்.

"உங்களுக்குத் தனியா கொழாய்த் தண்ணியில வெச்சேன். மண்ணுக்குத்தான் ஆவாது, மனுசனுக்கு ஆவும்னுதானே இத்தினி நாளா எனக்கு ஊத்துனீங்க?"

மோரை ஊற்றி முழுங்கினேன்.

மே 19

கல்தான்.

ஜூன் 11

காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டேன். இடுப்பில் வைக்கத் தெரியவில்லை, தோளில் வைத்தேன். லைன் தாண்டித் திரும்பி வருவதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. காசியம்மாள் கோலத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாண்ணே, கொழாய்க்கு ஒடம்பு சரியில்லியா?" தெருவில் சிரிப்பு. பிறகு இன்னொரு நடையும் போனேன்.

கமலம் தண்ணீரை வாங்கி அடுக்குச் சாப்பாட்டு உலையில் ஊற்றினாள். எனக்கு அதே கல்.

ஜூலை 28

மேனேஜர் ஸ்டோருக்கு வந்தார். மூட்டை இறக்குகிற ஆட்கள், கொளஞ்சியப்பன், எல்லாரும் இருந்தார்கள். "ஜங்ஷன் பூரா உன் வூட்டுச் சாப்பாட்டுப் பேச்சுதான்யா. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

இப்போது கைப்பக்குவம் வந்துவிட்டது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். நுனி நாக்குவரை வந்துவிட்டது, தூ. என்னத்தைத்தான் தின்று வளர்ந்ததோ இந்த நாக்கு.

"அன்னிக்குக் குழாய்த் தண்ணி சார். கெணத்துத் தண்ணின்னு நான் பொய் சொன்னேன். அவ சமையல்ல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

"மண்ணுக்கு ஆவாதுன்னு சொன்னவன் நீதானேய்யா!" என்றார். ஷெட்டே சிரித்தது. கொளஞ்சியப்பன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தான். "கேன்டீனுக்கு ஆள் போட்டாச்சே, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். தரையைப் பார்த்துக்கொண்டே மூட்டைகளை எண்ணினேன். எண்ணிக்கை தப்பியது.

ஜூலை 29

எனக்கு முன்பே கொளஞ்சியப்பன் வாய் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கமலம் காதிலும் விழுந்திருக்கும். தட்டில் கல்.

ஆகஸ்ட் 3

இன்று என் தட்டில் பருப்பு பாதி வெந்திருந்தது. இரண்டு தண்ணீரையும் கலந்து வைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.