முதல் ஆளாக ஒரு கோல்கீப்பர்

என் ராசாத்தி நஜ்மாவுக்கு,

விடியற்காலையில் பாலாற்றில் தண்ணீர் போவதாகக் கனவு கண்டேன். ஆம்பூரில் நாம் ஹாக்கி ஆடிய மணல், முழங்கால் ஆழத்துக்கு அடியில் பளபளக்கிறது. நீ ஹெல்மெட்டும் கனத்த கால் பேடுமாகக் கோலில் நிற்கிறாய், பேட் மட்டும் நனையவே இல்லை. உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் அங்கே விட்டுவிட்டதா?

இங்கே ஒரு சேதி. நம் பக்கத்துக்கு ஒரு பெண்கள் ஹாக்கி அணி வந்துவிட்டது, சம்பளத்துக்கு ஆடுகிற அணி. ஷூ கம்பெனி முதலாளி ஒருவர் நடத்துகிறார். நான்தான் கோச், சிரிக்காதே.

லீகில் உள்ள பழைய அணிகள் தங்களுக்கு வேண்டியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும். அப்படி விடப்பட்டவர்களிலிருந்து நாமும் இன்னொரு புது அணியும் மாறி மாறி எடுக்க வேண்டும். பழைய அணிகள் கோல்கீப்பர்களில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதனால் நல்ல கீப்பர்கள் வெளியே வருகிறார்கள், கோல் போடுகிற நல்ல ஃபார்வர்டை யாரும் விடுவதில்லை. வயதாகிவிட்டது என்று விடப்பட்ட பேர்போன ஃபார்வர்ட் ஒருத்தி இருந்தாள். முதலாளிக்கு முதலில் அவள்தான் வேண்டும்.

கீப்பர்களின் வீடியோக்களைப் பெயரை மறைத்துப் போடச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. ஒருத்தி பந்தை அழகாக ஓரத்துக்கு உதைத்துத் தள்ளினாள், எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு இரண்டு கம்பத்தையும் மட்டையால் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து நின்றாள். அது நீ நிற்கிற விதம், நஜ்மா. உன் தங்கை ஷபானா!

முதலில் பிடித்தது அவள் ஆட்டமா, உன் சாயலா? தேர்வு நாளில் முதல் முறையிலேயே எடுக்காவிட்டால் மற்ற அணி எடுத்துவிடும். ஷபானா பெயரைச் சொன்னேன்.

"இன்னா மேடம் இது? கோல் போட்றவங்கள வுட்டுட்டு தடுக்குறவங்கள மொதல்ல எடுத்துட்டீங்க. ஜனம் இன்னாத்த பாக்க வரும்?" என்றார் முதலாளி. "தோக்காம இருக்கறத பாக்க வரும் சார்," என்றேன்.

சாயங்காலம் ஷபானா போன் செய்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை.

"அக்கா, நீ என்னைய எடுத்தியா, நஜ்மா ஆப்பாவ எடுத்தியா?"

"தெர்லடி," என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவள் ஆட்டம் சரியில்லை என்றால், உன் தங்கை என்று பார்க்காமல் வெளியே உட்காரவைப்பேன். அதற்காக என்மேல் கோபப்படாதே. அன்றைக்குத்தான் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், நான் எடுத்தது அவளைத்தான் என்று.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ரேவதி