கடைசி வீட்டு வாசலில் ஒரு பலகை

அன்பு மகள் கோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அலாஸ்கா குளிர் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கட்டும். இங்கே ஊர் முழுக்கத் தேர்தல் பேச்சுதான். போலீஸ் அதிகாரம் போதாதென்று நம் ஷெரீப் டுவெய்ன் ஹார்க்னெஸ் மாநில சட்டமன்றத்துக்கு நிற்கிறார். நம் கவுண்டி ஊர்கள் எதிலும் அவர் பெயர் போட்ட பலகை இல்லாத வாசல் கிடையாது, பாதிரியார் வீட்டில் இரண்டு இருக்கிறது. உன் அப்பாதான் இருக்கிறாரே, எதிர்த்து நிற்கும் மாட்டு டாக்டர் மர்னாவின் பலகையை நட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். நம் கருப்புப் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது பனிப்புயலில் ஓடி வந்தது யார் என்கிறார்.

ஷெரீப் நேரிலேயே வந்தார். நான் சுட்ட ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார், நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது பலகையைப் பார்த்துவிட்டு, "அதனால என்னம்மா, யாருக்கு வேணா ஓட்டுப் போடுங்க. ஆனா உங்களுது ரோட்டுல கடைசி வீடு. ஏதாவது ஒண்ணுன்னா எங்க பசங்க வந்து சேரவே நேரமாகும், பாத்து இருங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் காலையில் பலகை சக்கரம் ஏறி நசுங்கிக் கிடந்தது. மான் முட்டியிருக்கும் என்று சொல்லி அப்பா ஆணி அடித்து மறுபடி நட்டார். மான் டயர் மாட்டிக்கொண்டா வரும்.

இதை உன்னிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அப்பா புல்லுக்கட்டு அடுக்கிலிருந்து விழுந்துவிட்டார். பதறாதே, விலா எலும்பில் ஒரு விரிசல், இப்போது எழுந்து நடக்கிறார், என்னை அதட்டவும் செய்கிறார். அன்றைக்கு அவசர எண்ணுக்குப் போன் செய்தேன், அது ஷெரீப் அலுவலகத்தில்தானே அடிக்கும். எடுத்த பெண் முகவரியைக் கேட்டுவிட்டு, "ஓ, அந்த போர்டு வெச்ச வீடா" என்றாள். யாரும் வரவில்லை. கடைசியில் பக்கத்துப் பண்ணை ஐடாவின் கணவர்தான் அப்பாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது நம் கேட்டருகே ஷெரீப் அலுவலக வண்டி நின்றிருந்தது. உள்ளே இருந்தவன் இறங்கவுமில்லை, கை அசைக்கவுமில்லை. எதிரே வருகிறவருக்கு வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்காமல் இந்த ஊரில் யார் போயிருக்கிறார்கள். அதன் பிறகு அந்த வண்டி தினமும் வருகிறது.

பலகையை எடுத்துவிடுங்கள் என்று அழுதுகூடப் பார்த்தேன். "இத எடுத்தா அடுத்தது எத எடுக்கச் சொல்வாங்க, வெர்னா" என்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

குல்லா போடாமல் வேலைக்குப் படகில் ஏறாதே, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனை எடுக்காவிட்டால், நீ ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டு யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்வாய் அல்லவா, போன குளிர்காலத்தில்கூட அப்படிச் செய்தாயே. இனி அதைச் செய்யாதே. ஐடாவைக் கூப்பிடு. இங்கே நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கிறோம், எங்கள் போனும் வேலை செய்யவில்லை என்று நீயாக அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டாம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா வெர்னா