ஆன்மாக்கள் பெட்டியில் விழுந்த சீட்டு

சூசையப்பர்பட்டி,
கடம்பூர் வழி.
14.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

மிக்கேலம்மாள் எழுதுவது. ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பதற வேண்டாம். இங்கே யாரும் சாகவில்லை. நீங்கள்தான் செத்துப்போனீர்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கோயில் வாசலிலுள்ள மன்றாட்டுக் கருத்துப் பெட்டியில் போடுவேன். அடுத்த ஞாயிறு பூசையில் சாமி அதை வாசிப்பார், எல்லாரும் சேர்ந்து மன்றாடுவோம். எழுபத்திரண்டு சீட்டு போட்டிருக்கிறேன், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நவம்பரில் மட்டும் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இறந்தவர்களுக்கான ஆன்மாக்கள் பெட்டியை வைப்பார்கள். உங்களுக்கும் தெரியும். மற்ற வருஷமெல்லாம் அந்த ஒரு மாதம் சீட்டை உபதேசியார் ஜேம்ஸ்ராஜ் கையில் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை தூறல், கண்ணாடியும் கொண்டுபோகவில்லை, கை பழக்கத்தில் போய்ப் போட்டுவிட்டது.

பத்தாம் தேதி பூசை. சாமி ஊருக்குப் புதிது, ஜூனில் வந்தவர். "மரித்த இன்னாசிராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கத்தான் முழங்காலை ஊன்றினேன். அதற்குள் எதிர்வீட்டுப் பேபி பின்னாலிருந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். "மதினி, எங்ககிட்டகூடச் சொல்லலியே. தனியாவா அழுது தீத்தீங்க?" என்றாள். ஆறு வருஷமாக ஒருத்தர் தொடாத தோள் அத்தான். அழுகை வந்துவிட்டது. அது உங்களுக்காக வந்த அழுகை இல்லை, ஆனால் எந்த அழுகை யாருக்கு என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் பதினொரு பேர் கேதத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வரப்புக்காக உங்களை அரிவாளோடு விரட்டிய சோலைராஜ் அண்ணாச்சி, "தங்கமான மனுசன்" என்று துண்டால் மூக்கைச் சிந்துகிறார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நம் வீட்டில் ஜெபமாலை. இருபது பேர் வருகிறார்கள். உட்காரப் பாய் பத்தாமல் கோயிலிலிருந்து ஜமுக்காளம் கொண்டுவந்தார்கள்.

"எங்கன வச்சு அடக்கம்?" என்று பேபி கேட்டாள். "அவிய ராய்ச்சூர்ல இருக்காவ" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவள் அதைக் கல்லறையாக எடுத்துக்கொண்டாள்.

லாரி ஓட்டும் பேச்சிராஜாதான் உங்களை அந்த ஜின்னிங் மில்லில் பார்த்ததாகச் சொல்லி இந்த விலாசத்தைத் தந்தான். இப்போது குஜராத்துக்கு லோடு போயிருக்கிறான். அவன் வந்து வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய காரியம், டிசம்பர் எட்டாம் தேதி ஞாயிறு உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை வைத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் என் தாலியைக் கழற்றப் பெண்கள் வருவார்கள்.

ஆண்டவர் செத்த லாசரை நாலாம் நாள் எழுப்பினார். உங்களுக்கு இன்னும் இருபத்து நாலு நாள் இருக்கிறது. ஒரு நிமிஷம் வந்து கோயில் வாசலில் நின்றுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் நான் என்ன செய்ய வேண்டுமென்று எழுதுங்கள்.

உங்கள் நலத்துக்கு இன்றும் மன்றாடும்,
மனைவி மிக்கேலம்மாள்

*

ராய்ச்சூர்,
19.11.2024

மிக்கேலுக்கு,

செத்தவன் எழுதுகிறேன். கடிதத்தை மில் கேட்டில் உட்கார்ந்து வாசித்தேன். சிரித்த சிரிப்பில் கன்னடக்கார டிரைவர் என்னவென்று கேட்டான். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் இதை எப்படிச் சொல்ல?

சோலைராஜ் அழுதானா? மூக்கு ஒழுகியிருக்கும், மழைக்காலமில்லையா?

சிரித்து முடித்தபிறகு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷமாக மாதா மாதம் சீட்டுப் போட்டேன் என்கிறாய். உன் எழுத்துக்கு நான் பயந்தவன் மிக்கேலு. நான் ஊரைவிட்டு வந்த அன்றைக்கு நம் வீட்டில் அன்பிய ஜெபக் கூட்டம். பதினாலு பேர். நான் குடித்த நாளையெல்லாம் நீ தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. மன்றாட்டு நேரத்தில் அதை விரித்து வாசித்தாய். ஜனவரி ஆறு. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." ஜனவரி ஒன்பது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." ஒவ்வொரு தேதிக்கும் அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். சோலைராஜ்தான் சத்தமாகச் சொன்னான். அவன் முந்தின நாள் என் கிளாஸில் குடித்தவன்.

நான் வாசலில் நின்றேன். அன்றைக்குக் குடிக்கவில்லை. கையில் மீன் வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று தேதி வாசித்து முடிக்கிறவரைக்கும் உள்ளே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

இங்கேயும் நம்மூர் மாதிரி கரிசல்தான். மழை பெய்தால் செருப்பு வராது, கால் மட்டும் வரும். குடியை விட்டு மூன்று வருஷமாகிறது. அதை எந்த நோட்டிலும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வருவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னாசிராஜ்

*

சூசையப்பர்பட்டி,
25.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரர் அனுப்புநர் பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பழைய கடுதாசி, வழியில தங்கிருச்சு போல" என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டு போனார். நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, ஊரே எனக்காகச் சொல்கிறது.

குடியை விட்டது சந்தோஷம். நான் கேட்டது அதைத்தான். நோட்டு வைத்தது உங்களைக் கேவலப்படுத்த இல்லை. அதிகப் படிப்பில்லாதவள், ஜெபத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று எழுதி வைத்தேன். நீங்கள் மீனோடு நின்றது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வாசலில் பூனை எதையோ இழுத்துப்போட்டிருந்தது, அதைக் கூட்டி அள்ளினேன். அது என்னவென்று இப்போதுதான் தெரிகிறது.

நீங்கள் போனபிறகு, "அவிய வடக்க வேலைக்குப் போயிருக்காவ, கிறிஸ்மஸுக்கு வருவாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு கிறிஸ்மஸ் போயிற்று. ஒருத்தரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குப் பதில். செத்தவன் பெண்டாட்டி வீட்டுக்கு ஊரே வருகிறது அத்தான். விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டி வீட்டு வாசலை எல்லாரும் தலையைக் குனிந்து தாண்டிப் போகிறார்கள்.

இப்போது பேபி தினமும் சாம்பார் கொண்டுவருகிறாள். உப்பு கூடுதல், ஆனாலும் இன்னொருத்தர் கையால் சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது. டீக்கடைப் பாண்டியராஜன் வந்து, அவன் மகளுக்குக் காய்ச்சலில் கண் சொருகியபோது நீங்கள் தோளில் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னான். நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. அன்றைய தேதிக்கு நேரே நான் 'குடித்துவிட்டு லேட்டாக வந்தார்' என்றுதான் எழுதியிருப்பேன்.

கோயிலில் வைக்க உங்கள் படம் வேண்டுமென்றார்கள். நம் கல்யாணப் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. பேபி மகள் ஆஸ்லின் செல்போனில் என்னை வெட்டிவிட்டு உங்களை மட்டும் பெரிதாக்கினாள். எவ்வளவு வெட்டியும் உங்கள் கைப்பக்கம் என் சேலை ஓரம் கொஞ்சம் நிற்கிறது. "அது பரவால்ல அத்த, யாருக்கும் தெரியாது" என்றாள்.

சாயங்காலம் ஆறு மணியானால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது வாசலுக்குப் போகிறது. பாவம் என்று தெரிகிறது. தெரிந்தும் ஆறு மணிக்குக் காத்திருக்கிறேன். நீங்கள் வந்து நின்றால் இந்தப் பாவமும் தீரும், வீடும் காலியாகாது. எட்டாம் தேதி ஏழு மணிப் பூசை. வந்துவிடுங்கள்.

காத்திருக்கும்,
மிக்கேலம்மாள்

*

ராய்ச்சூர்,
2.12.2024

மிக்கேலு,

டிக்கெட் போடத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்டர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். என்னால் முடியவில்லை. அந்த ஊரில் எந்த முகத்தைப் பார்த்தாலும் "கேட்டருளும்" என்று காதில் விழும். இங்கே என்னை வாட்ச்மேன் அண்ணா என்கிறார்கள். யாருக்கும் என் தேதி தெரியாது.

லாசரை யாரும் கேவலப்படுத்தவில்லை, அவனுக்கு எழுந்து வருவது சுலபம்.

நான் யோசித்துப் பார்த்ததில், இப்படியே இருக்கட்டும். உன் வீட்டுக்கு ஆள் வருகிறது, சாப்பாடு வருகிறது, எனக்கும் நல்ல பேர் வந்திருக்கிறது. உயிரோடு இருந்து நான் உனக்கு இதில் எதையும் தரவில்லை. பேச்சிராஜாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவன் சொல்ல மாட்டான். எட்டாம் தேதி தாலியைக் கழற்றச் சொன்னால் கழற்றிக்கொள். நானே சொல்கிறேன், உனக்குப் பாவம் இல்லை. கோபத்தில் எழுதவில்லை.

இன்னாசிராஜ்

*

சூசையப்பர்பட்டி,
9.12.2024

அத்தானுக்கு,

கோபத்தில் எழுதவில்லை என்பது புரிந்தது. அன்பாக எழுதியதாகவே எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

நேற்று ஆறரைக்கே போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் சொல்லிவிட்டேன். அவர், "நான் வாசிக்கும்போதே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார். "வீட்டுக்கு ஆள் வந்தாங்க சாமி" என்றேன். அவருக்குச் சின்ன வயது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அறிவிப்பு நேரத்துல நான் சொல்லவா, நீங்க சொல்லுதீங்களா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

பீடத்துக்கு முன்னால் உங்கள் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். முதலில் மாலையை எடுத்தேன். பிறகு சொன்னேன்: "அவிய சாகல. ராய்ச்சூர்ல உசுரோட இருக்காவ. வேலைக்குப் போனாவன்னு ஆறு வருசம் சொன்னது பொய். செத்துட்டாவன்னு நீங்க நெனச்சப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன், அதுவும் பொய்தான். என்னய விட்டுட்டுப் போனாவ. நான் நோட்ட விரிச்சு அவிய குடிச்ச தேதிய வாசிச்சேன், நீங்களும் பதில் சொன்னீங்க. அன்னைக்கி அவிய குடிக்காம வாசல்ல வந்து நின்னிருக்காவ. அவியள ஊரு முன்னால உரிச்சுப்போட்டுட்டு அதுக்கு ஜெபம்னு பேரு வச்சேன். அவியகிட்ட கேக்க வேண்டிய மன்னிப்ப இங்க வச்சுக் கேக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சோலைராஜ் அண்ணாச்சி எழுந்து, "அப்ப நான் அழுதது என்ன கணக்கு?" என்று கேட்டார். சாமி, "அத உயிரோட இருக்கவருக்கு அழுததா வச்சுக்கிடுங்க" என்றார். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மதியம் பேபி வந்தாள். சாம்பார்ப் பாத்திரத்தைக் கேட்டாள், கழுவிக் கொடுத்தேன். "எம்புட்டு நாளு நடிச்சிருக்கீங்க" என்றாள். ஜமுக்காளத்தை உபதேசியார் வந்து சுருட்டிக்கொண்டு போனார். அவர்கள் பேரில் குறை சொல்ல முடியாது. ஆறு மணிக்கு யாரும் வரவில்லை. ஜெபமாலையைத் தனியாகவே சொன்னேன். முன்பாதியும் நானே, பதிலும் நானே. நடுவில் எந்தப் பாதியில் நிற்கிறேன் என்று தெரியாமல் இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினேன்.

தாலியை நான் கழற்றவில்லை. உங்களை வரவழைப்பதற்காக அல்ல. நீங்கள் சாகவில்லை என்பதற்காக. உங்களை இனி வாருங்கள் என்று கூப்பிட மாட்டேன். கூப்பிடுகிற உரிமையை நான் அந்தக் கூட்டத்தில் தொலைத்துவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மாதச் சீட்டும் இனிப் போட மாட்டேன். உங்களுக்காக வேண்டுவதை வீட்டிலேயே, சத்தமில்லாமல் வேண்டிக்கொள்கிறேன்.

இன்றைக்குக் காலையில் ஒரு காரியம் நடந்தது. தெற்குத் தெரு சக்திகுமாரின் மனைவி பானுவை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போனபிறகு கல்யாணமாகி வந்தவள். அவன் நாலு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். பொங்கலுக்கு வருவான் என்று அவளும் எல்லாரிடமும் சொல்வாள். வந்தவள் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ள வா, ஏட்டி" என்றேன். வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன், ஆறுகிற வரைக்கும் தொடவில்லை.

"மதினி, எங்க வீட்டுக்காரரும் வேலைக்குப் போகல" என்றாள்.

அவளுக்கு என்ன புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது? ஆறிய காபியைக் குடித்துவிட்டு, "நீங்க அண்ணனுக்குக் கடுதாசி போடுதீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எனக்கு அவிய எங்கன இருக்காவன்னே தெரியாது மதினி. எழுதி வச்சிருக்கேன், அனுப்ப விலாசம் இல்ல" என்றாள். மத்தியானம் வரை இருந்து என்னோடு கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டு, நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். என்றைக்காவது அந்த மில்லை விட்டு வேறு இடத்துக்குப் போனால் மட்டும் புது விலாசத்தை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அதில் வேறொன்றும் எழுத வேண்டியதில்லை.

மிக்கேலம்மாள்